‘வெரி’ என்னும் சொல் உண்மையிலிருந்து மிகுதிக்கு வந்த வழி

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினையடைகளுள் ‘வெரி’யும் ஒன்று. அம்மொழியைக் கற்கத் தொடங்கும் எவரும் முதல் சில பாடங்களிலேயே அதைச் சந்தித்து, ‘மிக’, ‘மிகவும்’ என்று பொருள் எழுதிக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். ஆனால் தமிழில் ‘மிகவும் பெரியது’ என்றும் ‘மிகவும் விரும்புகிறேன்’ என்றும் ஒரே சொல்லைப் பண்புக்கும் வினைக்கும் தடையின்றிச் சேர்க்க முடிவதைப் போல, ஆங்கிலத்தில் ‘வெரி’யைச் சேர்க்க முடிவதில்லை. ‘வெரி பிக்’ சரியான தொடர்; ‘ஐ வெரி லைக் இட்’ பிழையான தொடர், அங்கே ‘வெரி மச்’ என்று இன்னொரு சொல்லின் துணை வேண்டியிருக்கிறது. ‘வெரி குட்’ உண்டு, ‘வெரி பெட்டர்’ இல்லை. ஆனால் அதற்கடுத்த படியான ‘தி வெரி பெஸ்ட்’ மட்டும் எப்படியோ உண்டு. இலக்கண நூல்கள் இவற்றை விதிகளாகப் பட்டியலிடுகின்றன. ஏன் இப்படி என்று சொல்பவை குறைவு. விடை அச்சொல்லின் பிறப்பில் இருக்கிறது. ‘வெரி’ உண்மையைக் குறிக்கப் பிறந்த ஒரு பெயரடை. மிகுதிப் பொருளும் வினையடை என்னும் தகுதியும் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தவை.

இலத்தீன் மொழியில் ‘வேருஸ்’ என்றால் ‘உண்மையான’ என்று பொருள். அதிலிருந்து கிளைத்த ‘வேராக்ஸ்’ என்பது ‘உண்மை பேசுகிற’ என்று ஆளைக் குறிக்கும் சொல். எழுத்து இலத்தீனின் இந்த வடிவம் மக்களின் பேச்சில் ‘வேராகுஸ்’ என்று மாறியிருக்க வேண்டும் என மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். இந்த இடைப்பட்ட வடிவம் எழுத்தில் கிடைத்ததன்று. பின்னால் தோன்றிய பழைய பிரெஞ்சுச் சொல்லான ‘வெராய்’ எந்த ஒலிமாற்றங்களின் வழியே உருவாகியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு மீட்டுருவாக்கம் செய்யப்பட்டது. அந்த ‘வெராய்’ இன்றைய பிரெஞ்சில் ‘வ்ரே’ ஆகியிருக்கிறது. அதன் பொருள் இன்றும் ‘உண்மையான’ என்பதுதான். ஆக, ஒரே தாய்ச்சொல் பிரான்சையும் இங்கிலாந்தையும் பிரிக்கும் ஆங்கிலக் கால்வாயின் ஒரு கரையில் உண்மையையும் மறு கரையில் மிகுதியையும் குறிக்கிறது. இந்தப் பிரிவு எப்படி நேர்ந்தது என்பதுதான் இச்சொல்லின் வரலாறு.

1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்ற பிறகு, அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சின் ஒரு வட்டார வடிவம் ஆட்சி செய்தது. ஆங்கிலோ-நார்மன் என்று வழங்கப்படும் அம்மொழியின் வழியாகத்தான் இச்சொல் குடும்பம் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. நுழைந்த வாயில்களில் ஒன்று சட்டம் என்பதற்கு நல்ல சான்றுகள் எஞ்சியிருக்கின்றன. நடுவர் குழுவின் முடிவைக் குறிக்கும் ‘வெர்டிக்ட்’ என்ற சொல் ‘உண்மையாகச் சொல்லப்பட்டது’ என்று பிரியும். அதன் முதற்பாதி ‘வெரி’யின் உடன்பிறப்பு. சாட்சியையோ, நடுவர் குழுவில் அமரவிருப்பவரையோ முன்கூட்டியே கேள்வி கேட்டுத் தகுதி பார்க்கும் நடைமுறைக்கு ஆங்கிலச் சட்டத்தில் ‘வ்வார் டீர்’ என்று பெயர். இன்றைய பிரெஞ்சு தெரிந்தவர்கள் இதைப் ‘பார்ப்பதும் சொல்வதும்’ என்று பிரித்துவிடுவது வழக்கம், அது பிழை. இதில் வரும் ‘வ்வார்’, ‘பார்’ என்னும் வினை அன்று. உண்மையைக் குறிக்கும் இலத்தீன் ‘வேரும்’ என்பதன் பழைய பிரெஞ்சு வடிவம். ‘உண்மை உரைத்தல்’ என்பதே அத்தொடரின் பொருள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘வெரி’யைப் பார்த்ததும் தமிழ் வாசகர் மனத்தில் ‘வெறி’யும், ‘வேருஸ்’ என்பதைப் பார்த்ததும் ‘வேர்’ என்பதும் எழக்கூடும். ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. உறவு என்று சொல்ல வேண்டுமானால், ஒரு மொழியின் இன்ன ஒலிக்கு இன்னொரு மொழியில் இன்ன ஒலி ஒழுங்காக எதிர்நிற்கிறது என்பதைப் பல சொற்களில் காட்ட வேண்டும். அந்தச் சோதனையில் தேறும் உறவினர்கள் வேறு சிலர். ஜெர்மன் மொழியில் ‘உண்மையான’ என்று பொருள்படும் ‘வார்’, அதே பொருளில் வேல்ஸ் மொழியில் வழங்கும் ‘குவிர்’, பழைய ஐரிஷின் ‘ஃபீர்’, ரஷ்ய மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் ‘வேரா’ ஆகியவை இலத்தீன் ‘வேருஸ்’ உடன் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து வந்தவை. ஆங்கிலத்துக்கே சொந்தமாகவும் ஓர் உறவுச் சொல் இருந்தது: பழைய ஆங்கிலத்தில் உடன்படிக்கை, வாக்குறுதி என்ற பொருளில் ‘வேர்’ என்று நீட்டி ஒலிக்கப்பட்ட சொல். அது தனியாக வாழவில்லை. ‘பொய்யன்’ என்னும் சொல்லோடு சேர்ந்து ‘வாக்குத் தவறியவன்’ என்ற பொருளில் ஒரு கூட்டுச்சொல் ஆனது. பிறகு துரோகியையும் சாத்தானையும் குறித்து, இறுதியில் சூனியக்காரனைக் குறிக்கும் ‘வார்லாக்’ ஆக நிலைத்தது. ஒன்றுக்கொன்று எந்தச் சாயலும் இல்லாத ‘வெரி’யும் ‘வார்லாக்’கும் தொலைதூர உறவினர் என்பது சொற்பிறப்பியல் தரும் சிறு வியப்புகளில் ஒன்று.

13ஆம் நூற்றாண்டில் ‘வெரய்’ என்ற ஒலிப்போடு பெயரடையாக இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது, அந்த இடம் காலியாக இருக்கவில்லை. நிகழ்ந்ததற்கு மாறில்லாத உண்மையைக் குறிக்க ‘சூத்’ என்ற பழஞ்சொல் இருந்தது. குறி சொல்பவரைக் குறிக்கும் ‘சூத்சேயர்’ என்ற சொல்லில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ட்ரூ’ என்பதும் இருந்தது. முதலில் ‘பற்றுறுதி உடைய’, ‘நம்பத்தக்க’ என்று மனிதரைக் குறித்த அச்சொல், ‘சூத்’தின் பொருளையும் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டிருந்தது. ஒரே வேலைக்கு மூன்று சொற்கள். பிரான்சில் ‘வெராய்’க்கு இப்படிப்பட்ட நெருக்கடி இல்லை; அங்கே உண்மையைக் குறிக்கும் முதன்மைச் சொல் அதுதான், அதை விட்டுக்கொடுக்க மொழிக்கு வசதி இல்லை. இங்கிலாந்தில் வந்தேறியான ‘வெரய்’ தன் மூலப்பொருளை இழந்தாலும் மொழி எதையும் இழக்காது. இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரு கரைகளிலும் இச்சொல்லின் விதி வேறுபட்டதற்கு இதைவிடப் பொருத்தமான பின்புலம் எனக்குத் தோன்றவில்லை.

பொருளை இழக்க வசதி இருந்தது என்பது சரி. இழந்த விதம் என்ன? இதற்குக் கவிஞர் சாசரின் வரி ஒன்றை ஆங்கில மொழி வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவார்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட கேன்டர்பரி கதைகளின் பாயிரத்தில், மாவீரனைப் பற்றி ‘அவன் ஒரு வெரய் பர்ஃபிட் ஜென்டில் நைட்’ என்று சொல்கிறார் அவர். மூன்று பெயரடைகள் வரிசையாக நிற்கின்றன: உண்மையான, குறைவற்ற, பெருந்தன்மையுள்ள வீரன். சாசர் கருதியது இதுவே என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வரிசையைக் கேட்பவர், ‘வெரய்’ என்பதை வீரனோடு சேர்க்காமல், பக்கத்தில் நிற்கும் ‘குறைவற்ற’ என்பதோடு சேர்த்துவிடலாம்: ‘உண்மையிலேயே குறைவற்ற வீரன்’. இன்றைய வாசகர் தம்மை அறியாமல் ‘மிகவும் குறைவற்ற வீரன்’ என்றே படித்துவிடுகிறார். மூன்று வாசிப்புகளும் ஒரே சொல்வரிசையில் அடங்குகின்றன. எதைக் கொண்டாலும் வாக்கியம் பொருள்படுகிறது. பேசியவர் ஒன்றை நினைக்க, கேட்டவர் மற்றொன்றாகப் பிரித்துக்கொண்டாலும் உரையாடல் தடைபடாது. தடைபடாததால் அந்தப் பிரிப்பு திருத்தப்படுவதும் இல்லை.

இது நமக்கு அயலான நிகழ்வும் அன்று. ‘நல்ல பெரிய வீடு’ என்னும்போது, ‘நல்ல’ வீட்டின் தரத்தைச் சொல்கிறதா, அது எவ்வளவு பெரியது என்பதைச் சொல்கிறதா? பேச்சில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ‘சரியான மழை’ என்பதில் மழையின் சரி தவறு பற்றிய பேச்சே இல்லை. பெயருக்கும் அதன் முன் நிற்கும் இன்னொரு பெயரடைக்கும் அருகில் நிற்க நேர்ந்த சொல், பெயரை விட்டுப் பெயரடையைப் பற்றிக்கொள்வதுதான் ‘நல்ல பெரிய வீடு’ போன்ற தொடர்களில் நிகழ்கிறது. அந்த வகையில், ‘வெரி’யின் பொருள் தேய்ந்ததற்கு அது நின்ற இடமே முதற்காரணம் என்பது என் கணிப்பு. உண்மை என்னும் பொருளும் அதற்கு உதவியது. ஒரு பண்பு உண்மையிலேயே இருக்கிறது என்று வற்புறுத்துகிறவர், அது குறைவாக இருக்கிறது என்று சொல்ல வருவதில்லை; வற்புறுத்தல் அளவாகக் கேட்கப்படுவது இயல்பு. ‘உண்மையாக’ என்ற பொருளில் இச்சொல் வினையடையாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தென்படுகிறது. ‘மிக’ என்ற பொருள் 15ஆம் நூற்றாண்டில் தெளிவாகிவிடுகிறது.

தொடக்கத்தில் சொன்ன விதிகளை இப்போது மீண்டும் பார்க்கலாம். ‘வெரி’ வினையடையானது பெயரடைக்கு முன்னால் நின்ற ஓர் இடத்தில். வினைக்கு அருகில் அது நின்ற வரலாறு இல்லை. எனவே வினையோடு சேரும் உரிமையும் அதற்குக் கிடைக்கவில்லை. ‘மச்’ என்ற அளவுச் சொல்லைத் தழுவிக்கொண்டுதான் அது வினைக்கு அருகே போக முடிகிறது. ‘தி வெரி பெஸ்ட்’ என்ற தொடரில் அது பழைய பெயரடைக்கு நெருங்கிய வேலையைச் செய்கிறது: ‘அதுவே, வேறெதுவும் அல்ல’ என்று சுட்டி உறுதிசெய்கிறது. ‘தி வெரி மேன்’ என்பதற்கு ‘அந்த ஆளேதான்’ என்று பொருள் வருவதும், ‘தி வெரி நெக்ஸ்ட் டே’ என்பதில் மறுநாளே என்னும் தேற்றம் ஒலிப்பதும் இதனால்தான். நம் மொழியில் ஏகாரமும் ‘தான்’ என்பதும் செய்யும் பணி அது. ‘வெரியஸ்ட்’ என்ற உச்ச வடிவமும் முன்பு இயல்பாக வழங்கியது. ‘வெரியஸ்ட் ஃபூல்’ என்றால் முழுமுட்டாள். மிகுதிச் சொல்லாக மட்டும் பிறந்த ஒன்றுக்கு அத்தகைய விகுதி அமைந்திருக்காது. வினையிலிருந்து பிறந்த ‘ப்ளீஸ்ட்’ போன்ற எச்சச் சொற்களின் முன் ‘வெரி’ மட்டும் வரலாமா, ‘வெரி மச்’ வர வேண்டுமா என்று ஆங்கில நடைக் கையேடுகள் நெடுங்காலம் வாதிட்டதும் இதே எல்லைத் தகராறுதான்: அந்தச் சொல் இன்னும் வினையா, பெயரடையாகிவிட்டதா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

மிகுதிப் பொருள் வந்ததும் உண்மைப் பொருள் உடனே மறைந்துவிடவில்லை. இரண்டும் சில நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்தன. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலில், கிறித்தவ நம்பிக்கையைத் தொகுத்துச் சொல்லும் நைசீன் விசுவாச அறிக்கையின் இலத்தீன் தொடர் ‘வெரி காட் ஆஃப் வெரி காட்’ என்று பெயர்க்கப்பட்டது. ‘மெய்க் கடவுளினின்று வந்த மெய்க் கடவுள்’ என்பது அதன் பொருள்; இன்றைய காதுக்கு அது ‘மிகவும் கடவுள்’ என்பது போல ஒலித்துத் தடுமாற வைக்கிறது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், பார்வை மங்கிய ஈசாக்கு, அண்ணன் ஏசாவைப் போல நடித்து வந்த தன் இளைய மகன் யாக்கோபைத் தடவிப் பார்த்து, ‘நீ என் வெரி மகன் ஏசாதானா’ என்று கேட்கிறார். அங்கே ஆள்மாறாட்டம்தான் பிரச்சினை. மெய்யான மகனா என்பதே கேள்வி. உண்மைப் பொருளுக்கென்றே ‘வெரிலி’ என்ற தனி வினையடையும் உருவாகியிருந்தது. யோவான் நற்செய்தியில் ‘வெரிலி வெரிலி’ என்று அந்த ஆங்கில விவிலியம் இரட்டித்துத் தருவதைத் தமிழ் விவிலியம் ‘மெய்யாகவே மெய்யாகவே’ என்கிறது. வேலைகள் பிரிந்தன: ‘வெரிலி’ மெய்யை வைத்துக்கொண்டு வழிபாட்டு மொழியோடு ஒதுங்கியது, ‘வெரி’ மிகுதியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தது.

தெருவுக்கு வந்த காலத்தில் அது நாகரிகப் பகட்டாகவும் கருதப்பட்டது என்பதற்கு ஷேக்ஸ்பியரிடம் சான்று இருக்கிறது. 1597இல் முதலில் அச்சான ரோமியோ ஜூலியட் நாடகத்தில், மெர்குஷியோ புதுப்பாணிப் பேச்சுக்காரர்களைக் கேலி செய்கிறான். அவர்கள் பேசும் விதமாக அவன் நடித்துக் காட்டும் தொடர்கள் ‘வெரி குட் பிளேட்’, ‘வெரி டால் மேன்’ என்று ‘வெரி’யிலேயே தொடங்குகின்றன, வாள்வீச்சையும் வீரத்தையும் (‘டால்’ அன்று ‘துணிவுள்ள’ என்றும் பொருள்பட்டது) வியக்கும் பாவனை அது. கேலி எடுபட வேண்டுமானால் அந்த வழக்கு அரங்கில் இருந்தவர்களுக்குப் பகட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். அதே ஆசிரியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் பசானியோ ‘என் வெரி நண்பர்கள்’ என்று வரவேற்பது பழைய, ‘உண்மையான’ என்ற பொருளில். ஒரே எழுத்தாளரின் கையில் சொல்லின் இரு பருவங்களும் இருக்கின்றன.

‘வெரி’க்கு முன் அந்த இடத்தில் இருந்தவர்களையும் பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் ‘வலிய’ என்ற சொல்லிலிருந்து பிறந்த ‘ஸ்வீதே’ மிகுதியைக் குறித்தது; பிறகு அது ‘விரைவாக’ என்ற பொருளுக்கு நகர்ந்து, வழக்கொழிந்தது. அடுத்து ‘ஃபுல்’ ஓங்கியது. சாசர் பெயரடைகளை மிகைப்படுத்த அடிக்கடி கையாள்வது அதைத்தான். அவர் காலத்தில் ‘வெரய்’ இன்னும் அந்த வேலைக்கு அமர்த்தப்படவில்லை. ‘ரைட்’ என்பதும் உடன் வழங்கியது. இந்த அடுக்குகள் ஆங்கிலத் திருச்சபையின் மரியாதைப் பட்டங்களில் உறைந்து நிற்கின்றன: பேராலயத் தலைமைக் குரு ‘வெரி ரெவரெண்ட்’, ஆயர் ‘ரைட் ரெவரெண்ட்’, பேராயர் ‘மோஸ்ட் ரெவரெண்ட்’. இன்றைய பொதுப் பேச்சில் மிகுதிச் சொல்லாகப் பெரிதும் வழக்கிழந்த ‘ரைட்’ அங்கே ‘வெரி’க்கு மேலே அமர்ந்திருக்கிறது.

மிகுதிச் சொற்கள் இப்படி ஒன்றை ஒன்று வீழ்த்திக்கொண்டே வருவதற்குக் காரணம் எளிது. வியப்பூட்டுவது அவற்றின் பணி. அடிக்கடி வழங்கும் எதுவும் வியப்பூட்டாது. எனவே பேசுவோர் புதிய மூலங்களைத் தேடுகிறார்கள். பிரெஞ்சு ‘த்ரே’, ‘கடந்து’, ‘அப்பால்’ என்று பொருள்படும் இலத்தீன் ‘ட்ரான்ஸ்’ என்பதிலிருந்து வந்தது. ஜெர்மன் ‘ஸேர்’ வலியிலிருந்து வந்தது: முதலில் ‘நோகும்படி’ என்று பொருள்பட்டு, பிறகு ‘மிக’ ஆனது. காயமின்றித் தப்புவதைக் குறிக்கும் ‘உன்ஃபெர்ஸேர்ட்’ என்ற ஜெர்மன் சொல்லில் பழைய வலி இன்னும் இருக்கிறது. ஆங்கிலத்தில் புண்ணைக் குறிக்கும் ‘சோர்’ அதன் உறவு. அச்சத்திலிருந்து ஆங்கிலம் ‘டெரிபிளி’யையும் ‘ஆஃபுலி’யையும் எடுத்துக்கொண்டது, இன்றைய தமிழ்ப் பேச்சில் ‘பயங்கர அழகு’ என்பதைக் கேட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

மெய் என்னும் மூலமும் வற்றவில்லை. பொருளைக் குறிக்கும் இலத்தீன் ‘ரேஸ்’ என்பதிலிருந்து வந்த ‘ரியலி’, ‘வெரி’ நடந்த தடத்திலேயே நடந்து மிகுதிச் சொல்லாகியிருக்கிறது. எழுத்தைக் குறிக்கும் ‘லிட்டெரா’விலிருந்து வந்த ‘லிட்ரலி’ அத்தடத்தில் பாதி வழியில் நிற்கிறது. சொல்லுக்குச் சொல் மெய் என்று உறுதிகூற வேண்டிய அச்சொல்லை உருவகத்தோடு சேர்ப்பதை மொழிக் காவலர்கள் இன்று கண்டிக்கிறார்கள். ஆனால் அந்த வழக்கு 1769இல் ஃபிரான்சிஸ் புரூக் எழுதிய எமிலி மாண்டேகு நாவலிலேயே உண்டு. அழகிய பெண்கள் கூடிய அவையில் நுழைவது ‘லிட்ரலி’ அல்லிகளுக்கிடையே மேய்வது என்கிறது அதிலுள்ள ஒரு கடிதம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அந்தப் பொருளைப் பதிவுசெய்ததற்காகச் சினந்தவர்கள், அதே அகராதியில் ‘வெரி’க்கு ‘மிக’ என்ற பொருள் தரப்பட்டிருப்பதைப் பற்றிக் குறைகூறியதில்லை. அந்தச் சண்டை 500 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது என்பது தவிர இரண்டுக்கும் வேறுபாடு அதிகமில்லை.

‘வெரி’யின் நிலை இன்று என்ன? மொழியியலாளர்கள் ரிக்கா இட்டோவும் சாலி டாலியமான்டேயும் இங்கிலாந்தின் யார்க் நகர மக்களின் பேச்சைத் திரட்டி ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரை, முதியோர் ‘வெரி’யையும் இளையோர் ‘ரியலி’யையும் கூடுதலாகக் கையாள்வதைக் காட்டியது. எழுத்து வழக்கில், குறிப்பாக முறையான உரைநடையில், ‘வெரி’ இன்னும் அசையாமல் இருக்கிறது. பேச்சில் ‘ரியலி’ முந்துவதற்கு அதன் பிறப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். அது வினையடைக்குரிய விகுதியோடு பிறந்த சொல். எனவே ‘ரியலி குட்’ என்று பண்போடும் ‘ஐ ரியலி லைக் இட்’ என்று வினையோடும், எந்தத் துணைச்சொல்லும் இல்லாமல் சேர்ந்துகொள்கிறது.